டீனாகத் தொடர்வதா, புரோவோஸ்ட் ஆவதா, வகுப்பறைக்கே திரும்புவதா?

பல்கலைக்கழகத்தில் பொறியியல், வணிகம் என்று ஏதோ ஒரு பள்ளிக்கு, அதாவது பல துறைகள் அடங்கிய ஒரு பிரிவுக்கு, டீனாக ஐந்தாறு வருஷம் ஓட்டியவருக்கு ஒரு நாள் போன் வரும். ஆள் தேடித் தரும் நிறுவனத்திலிருந்து பேசுவார்கள். இன்ன பல்கலைக்கழகத்தில் புரோவோஸ்ட் (தலைவருக்கு அடுத்த கல்வி அதிகாரி) பதவி காலியாகிறது, உங்கள் பெயரை இரண்டு மூன்று பேர் சொன்னார்கள், விண்ணப்பிக்க விருப்பமா என்று கேட்பார்கள். சிலருக்குச் சொந்தப் பல்கலைக்கழகத் தலைவரே கூப்பிட்டு, "ஒரு வருஷம் பொறுப்பு பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் யோசிக்கலாம்" என்பார். எப்படி வந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் வராது. டீனாகவே தொடரலாம். புரோவோஸ்ட் ஆகலாம். நிர்வாகம் இத்துடன் போதும் என்று ஆய்வுக்கும் வகுப்புக்கும் திரும்பலாம். மூன்றுமே கௌரவமான வழிகள்தான். ஆனால் ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் பழையபடி இருக்காது.

இரண்டு புரோவோஸ்ட்களுக்குக் கீழே வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோவோஸ்ட் பதவியை டீன் பதவிக்கு மேலே உள்ள அடுத்த படியாகப் பார்ப்பதில்தான் பலருடைய கணக்கு தப்புகிறது. அது வேறு வேலை. நல்ல டீன்கள் அதில் துவண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். டீனாகச் சுமாராக இருந்த ஒருவர் அந்த நாற்காலியில் பிரமாதமாகப் பொருந்தியதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேலே அமர்த்தப்பட்டவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது புரோவோஸ்ட். டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டின் ஓரியல் கல்லூரியிலும் புரோவோஸ்ட் என்றால் நிறுவனத்தின் தலைவரே அவர்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் 1930 வரை அப்படித்தான் இருந்தது. இன்று அமெரிக்காவில் அந்தச் சொல் தலைவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் தலைமைக் கல்வி அதிகாரியைக் குறிக்கிறது. சிறிய கல்லூரிகளில் இதே வேலையைச் செய்பவருக்குக் கல்வி விவகாரத் துணைத் தலைவர் என்றோ ஆசிரியர்களின் டீன் என்றோ பெயர் இருக்கும். நான் இங்கே பேசுவது இந்த இரண்டாம் இடத்து நாற்காலியைப் பற்றி.

தலைவர் வெளியே பார்த்து நிற்பவர். நன்கொடையாளர்கள், பழைய மாணவர்கள், அறங்காவலர் குழு, அரசு, பத்திரிகைகள் எல்லாம் அவர் பக்கம். புரோவோஸ்ட் உள்ளே பார்த்து நிற்பவர். டீன்கள் எல்லோரும் அவரிடம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு, நிரந்தரப் பணி, புதிய பட்டப்படிப்பு, பழையதை மூடுவது, தர அங்கீகாரக் குழு வரும்போது தயார் செய்யும் மலைபோன்ற அறிக்கை எல்லாம் அவர் மேசைக்கு வரும். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் புரோவோஸ்டே தலைமை பட்ஜெட் அதிகாரியும்கூட. இது எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்; முடிவெடுக்க உதவும் மிகப் பெரிய தகவல் அதுதான்.

டீனுக்குச் சொந்த ஜனம் உண்டு

டீனுக்கும் புரோவோஸ்டுக்கும் அதிகார அளவில் உள்ள வேறுபாட்டை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இதுதான்: டீனுக்கு ஒரு கூட்டம் உண்டு, புரோவோஸ்டுக்குக் கிடையாது. பொறியியல் டீன் நான்கு புதிய பணியிடம் கேட்டுச் சண்டை போட்டால் பொறியியல் ஆசிரியர்கள் அவர் பின்னால் நிற்பார்கள். கிடைக்காவிட்டால்கூட "நமக்காகப் போராடினார்" என்று பெயர் வரும். அவருடைய பழைய மாணவர்கள் அவரை நேரடியாக அறிவார்கள். புதுக் கட்டிடம் எழும்பினால் யார் கொண்டுவந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

புரோவோஸ்டிடம் வருகிற பத்து டீன்களும் பத்து நியாயங்களோடு வருவார்கள். எல்லாமே உண்மையான நியாயம். ஒரு சாதாரண உதாரணம் பாருங்கள். வரலாற்றுத் துறையில் இடைக்கால வரலாறு நடத்திய பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்தை நிரப்பாவிட்டால் அந்தக் காலகட்டத்தைச் சொல்லித்தர வளாகத்தில் வேறு ஆள் இல்லை. கணினித் துறையில் முதலாண்டு வகுப்புக்கு இடம் கிடைக்காமல் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நர்சிங் பள்ளியில் மருத்துவமனைப் பயிற்சியை மேற்பார்வையிட ஆசிரியர் இல்லாவிட்டால் அங்கீகாரத்துக்கே சிக்கல். இருப்பது ஒரே ஒரு பணியிடம். மூன்று டீன்களும் தங்கள் தாளை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். புரோவோஸ்ட் ஒருவருக்குக் கொடுத்து இரண்டு பேருக்குக் கடிதம் எழுத வேண்டும். கொடுக்கப்பட்டவர் அதைத் தனக்குச் சேர வேண்டியதே வந்தது என்று எடுத்துக்கொள்வார். மற்ற இருவருக்கும் அது அடுத்த பல வருஷம் மறக்காது. நன்றி சொல்ல யாரும் இல்லாத இந்த இடத்தில் வருஷத்துக்கு இருபது முப்பது தடவை நிற்க வேண்டும்.

சிலருக்கு இதில் ஒரு நிறைவு இருக்கிறது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே படமாகப் பார்க்கிற நிறைவு அது. உயிரியலும் புள்ளியியலும் ஒரே ஆளைத் தேடுகிறார்கள் என்பது இரண்டு டீன்களுக்கும் தெரியாது, புரோவோஸ்டுக்குத் தெரியும். அவர் இருவரையும் ஒரு அறையில் உட்காரவைத்து ஒரே நியமனமாக முடித்துவிடுவார். அந்த ஆள் பத்து வருஷம் கழித்துப் பெரிய பெயர் எடுத்தால் புரோவோஸ்டின் பெயர் அதில் எங்கும் வராது. அது உறுத்தாத மனசு இருந்தால் இந்த வேலை பிடிக்கும். உறுத்தும் என்றால் டீனாக இருப்பதே நல்லது. இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. தன் பள்ளிக்காக உயிரைக் கொடுக்கும் டீன்கள் இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகமும் உயராது.

ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து

நிரந்தரப் பணிக் கோப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் இந்த வேலையின் கனம் புரியும். அமெரிக்கப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து 1940-ல் வெளியிட்ட அறிக்கை, தகுதிகாண் காலம் ஏழு ஆண்டைத் தாண்டக் கூடாது என்றது. அதனால் பெரும்பாலான இடங்களில் ஆறாம் வருஷம் கோப்பு நகரும். ஆய்வுக் கட்டுரைகள், மாணவர் மதிப்பீடுகள், வெளிப் பல்கலைக்கழக அறிஞர்கள் எழுதிய கடிதங்கள், துறையின் வாக்கு, டீனின் குறிப்பு எல்லாம் சேர்ந்து தடிமனாக வரும்.

துறையில் ஏழுக்கு ஐந்து என்று வாக்கு விழுந்திருக்கிறது என்று வையுங்கள். டீன் "ஆதரிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார், ஆனால் இரண்டாம் பத்தியில் அவர் குரல் தணிகிறது. வெளிக் கடிதங்கள் எட்டில் ஆறு புகழ்கின்றன. ஏழாவது கடிதம் மிக மரியாதையாக, "இவருடைய அடுத்த புத்தகத்தை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்" என்று முடிகிறது. இந்த வட்டாரத்தில் பழகியவர்களுக்கு அந்த வரி எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரியும். புரோவோஸ்ட் அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படிப்பார். நான் அறிந்த ஒருவர் இப்படிப்பட்ட கோப்புகளை அலுவலகத்தில் படிக்கவே மாட்டார். சனிக்கிழமை காலையில் வீட்டில், போனை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் படிப்பார். "இது ஒரு ஆளுடைய ஆறு வருஷம், இரண்டு கூட்டத்துக்கு நடுவில் படிக்கக் கூடாது" என்பார்.

டீன் இந்தக் கோப்பில் பரிந்துரை செய்கிறார். புரோவோஸ்ட் கிட்டத்தட்ட முடிவு செய்கிறார். தலைவரும் அறங்காவலர் குழுவும் அதற்குப் பிறகு கையெழுத்திட்டாலும், பெரும்பாலும் புரோவோஸ்ட் சொன்னதே நிற்கும். "வேண்டாம்" என்று எழுதினால் அந்தக் குடும்பம் ஊரை மாற்றும். தகுதியில்லாதவருக்கு "சரி" என்று எழுதினால் முப்பது வருஷம் மாணவர்கள் அதை அனுபவிப்பார்கள். இதைச் சுமக்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சம்பளம் இரண்டாவது கேள்வி.

பை யாரிடம் இருக்கிறது?

ஒரே பதவிப் பெயர் இரண்டு பல்கலைக்கழகங்களில் இரண்டு வேலையாக இருப்பதற்குக் காரணம் பட்ஜெட் முறை. ஒரு முறையில் கட்டணமும் மானியமும் மையத்துக்கு வரும், அங்கிருந்து பள்ளிகளுக்குப் பங்கு போகும். அங்கே புரோவோஸ்ட் கையில் உண்மையான பிடி இருக்கும். இன்னொரு முறையில் ஒவ்வொரு பள்ளியும் தான் சம்பாதித்ததைத் தானே வைத்துக்கொண்டு, மையத்துக்கு ஒரு பங்கு கட்டும். ஹார்வர்டில் இதை "ஒவ்வொரு தொட்டியும் தன் அடியிலேயே நிற்கட்டும்" என்று சொல்லிப் பழக்கம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1970-களிலேயே இந்த மாதிரி முறைக்கு வந்துவிட்டது. இங்கே பணக்காரப் பள்ளியின் டீன், புரோவோஸ்ட் சொல்வதைப் புன்னகையோடு கேட்டுவிட்டுத் தன் வழியில் போகலாம்.

ஹார்வர்டின் கதையே இதற்குச் சாட்சி. 1945-ல் அங்கே புரோவோஸ்ட் பதவி உருவானது. 1953-க்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்த நாற்காலியே இல்லை. 1992-ல்தான் மறுபடி கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த தலைவர் நீல் ரூடென்ஸ்டைன் அதற்கு முன் பிரின்ஸ்டனில் புரோவோஸ்டாக இருந்தவர். அந்த நாற்காலியின் பயன் அவருக்குக் கையனுபவமாகத் தெரியும்.

ஆகவே நேர்காணலுக்குப் போகும்போது பதவியின் நீளமான பெயரில் மயங்க வேண்டாம். ஒரு வருஷத்தில் புரோவோஸ்ட் தன் முடிவால் எவ்வளவு பணத்தை ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த முடியும்? காலியாகும் பணியிடம் அந்தத் துறையிலேயே தங்குமா, மையத்துக்கு வருமா? நிதித் துணைத் தலைவர் புரோவோஸ்டுக்குக் கீழா, பக்கத்திலா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், வலுவான ஒரு பள்ளியின் டீனாக இருப்பது அந்தப் புரோவோஸ்ட் பதவியைவிட எவ்வளவோ மேல். அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் வாங்கிக்கொள்வது மனிதரை உள்ளுக்குள் அரித்துவிடும்.

தலைவர் நாற்காலிக்கு ஏணியா?

பலர் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி இது. ஏணிதான் என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள். அங்கே வரிசையாக ஐந்து புரோவோஸ்ட்கள் தலைமைப் பதவிக்குப் போனார்கள். ஜூடித் ரோடின் 1994-ல் பென்சில்வேனியாவுக்கு, ஆலிசன் ரிச்சர்ட் 2003-ல் கேம்பிரிட்ஜுக்கு, சூசன் ஹாக்ஃபீல்ட் 2004-ல் எம்ஐடிக்கு, ஆண்ட்ரூ ஹாமில்டன் 2009-ல் ஆக்ஸ்போர்டுக்கு, பீட்டர் சலோவே 2013-ல் யேலுக்கே. ஹார்வர்டில் 2011 முதல் புரோவோஸ்டாக இருந்த ஆலன் கார்பர், தலைவர் விலகியதும் 2024 ஜனவரியில் பொறுப்பேற்று, அதே ஆண்டு முழுத் தலைவரானார். நெருக்கடி வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் புரோவோஸ்ட்தான்.

ஆனால் அந்தப் படியில் ஏறாமலே தலைவரானவர்களும் நிறையப் பேர். ட்ரூ ஃபாஸ்ட் ராட்கிளிஃப் நிறுவனத்தின் டீனாக இருந்து 2007-ல் ஹார்வர்டு தலைவரானார். ஜானதன் லெவின் 2024-ல் ஸ்டான்ஃபோர்டு தலைவரானபோது அங்கே வணிகப் பள்ளியின் டீனாக இருந்தார். காரணம் புரியக்கூடியதே. தலைவர் வேலையில் பாதி வெளியே போய் நம்பிக்கையும் நன்கொடையும் பெறுவது. டீன் அதைத் தினமும் செய்கிறார். புரோவோஸ்ட் ஐந்து வருஷம் கூட்ட அறைக்குள்ளேயே இருப்பார். தலைவராவதுதான் குறி என்றால், பெரிய பள்ளியின் டீனாக இருந்து நிதி திரட்டிக் காட்டுவது எந்த வகையிலும் குறைந்த வழி அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் டீனாக இருந்த ஃபிரெட்ரிக் டெர்மன் 1955 முதல் 1965 வரை புரோவோஸ்ட். எல்லாத் துறைக்கும் சமமாகத் தெளிக்காமல், தேர்ந்தெடுத்த சில துறைகளைக் கோபுரம்போல உயர்த்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் தலைவராகவே இல்லை. ஆனால் ஸ்டான்ஃபோர்டை இன்றைய ஸ்டான்ஃபோர்டு ஆக்கியவர் யார் என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்லாமல் யாரும் நகர முடியாது. அதே இடத்தில் மெய்யியல் பேராசிரியர் ஜான் எட்செமெண்டி 2000-லிருந்து 2017 வரை புரோவோஸ்டாக இருந்தார். இந்த வேலையை வேறு எதற்கும் பாலமாக நினைக்காமல், இதுதான் என் வேலை என்று செய்தவர்களிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொள்கிறேன்.

டீன் படியைத் தாண்டி நேரே ஏறியவரும் உண்டு. காண்டலீசா ரைஸ் 1993-ல் ஸ்டான்ஃபோர்டு புரோவோஸ்ட் ஆனபோது வயது 38. அதற்கு முன் அவர் துறைத்தலைவராகவோ டீனாகவோ இருந்ததில்லை. சுமார் 2 கோடி டாலர் பற்றாக்குறையோடு பட்ஜெட் அவர் கைக்கு வந்தது. அதைச் சமன் செய்தார். அந்த வெட்டுகளுக்காகக் கடுமையான எதிர்ப்பையும் சந்தித்தார். இது விதிவிலக்குதான். டீன் அனுபவம் இல்லாதவருக்கு டீன்கள் எங்கே எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முதல் வருஷம் போய்விடும்.

ஆய்வுக்குத் திரும்புவது

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசும்போது ஏனோ பலர் தோற்றுப் போனவர்களைப் பற்றிப் பேசும் தொனிக்கு மாறிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பல்கலைக்கழகம் இருப்பதே அந்த வேலைக்காகத்தான். ஜாக் பார்சுன் 1958-லிருந்து 1967 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட். அப்புறம் அங்கேயே பேராசிரியராகத் திரும்பி 1975 வரை பாடம் நடத்தினார். யேலில் சலோவேக்கு அடுத்து புரோவோஸ்டாக வந்த பென் போலக்கும் பதவி முடிந்ததும் பொருளாதாரத் துறைக்கே திரும்பினார்.

திரும்புவது எல்லாத் துறைக்கும் ஒரே மாதிரி சுலபமல்ல என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். வரலாற்றாசிரியர் ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பிப் போனால் தாள்கள் அங்கேயே இருக்கும். சோதனைக்கூடம் நடத்தும் உயிர்வேதியியலாளருக்கு அப்படி இல்லை. மானியம் முடிந்திருக்கும், ஆய்வு மாணவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள், கருவிகள் பழசாகியிருக்கும், இடத்தை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். டீனாக இருக்கும்போது வாரத்தில் ஒரு நாளாவது கூடத்துக்குப் போய்விட முடியும். புரோவோஸ்ட் ஆனபின் அந்த ஒரு நாளும் போய்விடும். உங்கள் துறை வேகமாக நகரும் துறையாக இருந்து, மனசுக்குள் ஒரு ஆய்வுக் கேள்வி இன்னும் உயிரோடு இருந்தால், புரோவோஸ்ட் பதவிக்கு முன்பே திரும்பிவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்துத் திரும்புவது வேறு கதை.

அந்தக் காரணத்தாலேயே, புரோவோஸ்ட் பதவியை ஏற்கிறவர் திரும்பும் வழியைச் சேரும் நாளிலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். புரோவோஸ்ட் பதவிக்கு நிரந்தரம் கிடையாது. தலைவர் விரும்பும் வரைதான். புதுத் தலைவர் வந்தால் தனக்கு வேண்டியவரைக் கொண்டுவருவது வழக்கம். நிரந்தரப் பேராசிரியர் பதவி எந்தத் துறையில், திரும்பும்போது சம்பளம் எந்தக் கணக்கில், திரும்புமுன் ஒரு வருஷம் ஆய்வு விடுப்பு உண்டா, சோதனைக்கூடத்தை மீண்டும் தொடங்கப் பணம் எவ்வளவு என்ற நான்கும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வெளியிலிருந்து வருகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: எந்தத் துறை உங்களைப் பேராசிரியராக ஏற்கிறதோ அந்தத் துறை வாக்கெடுத்து ஏற்றிருக்க வேண்டும். மேலிருந்து திணிக்கப்பட்டவராகப் போனால், திரும்பும் நாளில் அந்தத் துறையில் ஒரு முகமும் மலராது.

பொறுப்புப் பதவி வந்தால் என்ன செய்வது? என் பார்வையில் அது நல்ல சோதனை ஓட்டம். ஆனால் பொறுப்பு பார்ப்பவர் நிரந்தரப் பதவிக்குப் போட்டியிடலாமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்று விதி வைப்பவர்களும் உண்டு. இன்னொன்று, விட்டுவந்த டீன் நாற்காலி காத்திருக்குமா என்பதும் தெரிய வேண்டும்.

எல்லாம் சொன்ன பிறகும் யாருக்கு எது என்று கேட்டால், நான் முதலில் தலைவரைப் பார்க்கச் சொல்வேன். புரோவோஸ்டின் நாட்கள் எப்படிப் போகும் என்பதைப் பட்ஜெட் முறைக்கு அடுத்தபடி தீர்மானிப்பது அவர்தான். ஒரு டீன் புரோவோஸ்டின் முடிவு பிடிக்காமல் நேராகத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினால் அவர் என்ன செய்வார் என்று அவரிடமே கேளுங்கள். "புரோவோஸ்டிடம் திரும்பிப் போங்கள் என்பேன்" என்று தயங்காமல் சொல்கிறவர் என்றால், பட்ஜெட் பிடியும் உங்களிடம் இருக்குமென்றால், பிறர் வேலை மலர்வதைப் பார்த்தே உங்களுக்கு வயிறு நிறையும் என்றால், தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "விஷயத்தைப் பொறுத்தது" என்று சொன்னால் டீனாகவே இருங்கள். உங்கள் பள்ளிக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் பதவியை விட்டுப் போகிற புரோவோஸ்டிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அறிவுரை கேட்க வேண்டாம். போன அக்டோபரில் ஒரு சாதாரண வாரத்தின் நாட்குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். திங்கள் காலை ஏழரையிலிருந்து வெள்ளி மாலை வரை ஒவ்வொரு கட்டமாக, இது என்ன கூட்டம், யார் வந்தார்கள், எப்படி முடிந்தது என்று கேட்டுக்கொண்டே போங்கள். அந்த வாரத்தில் எந்தக் கட்டத்தில் நீங்கள் உட்கார ஆசைப்படுகிறீர்கள் என்று விரல் வைத்துப் பாருங்கள்.